டீக்கப் மால்ட்டிப்பூவா, பேப்பர் வெச்ச நாயா, ஸ்பிட்ஸா, தத்தா: எங்க அக்கா வீட்டுப் பஞ்சாயத்து

போன மாசம் அக்கா போன் பண்ணி "எலே, எம் பொண்ணு ஒரு வாரமா சரியா சாப்பிடாம உசுர வாங்குதா, நாய்க்குட்டி வேணுமாம், ஏதோ பூவாம், நீதான் இதெல்லாம் தெரிஞ்சவன், என்னன்னு பாத்துச் சொல்லு"ன்னா. பூன்னா மால்ட்டிப்பூ. மால்டீஸையும் பூடிலையும் சேத்து எடுத்த குட்டி. அதுலயும் டீக்கப் சைஸாம், ஒன்றரை கிலோவுக்கு மேல ஏறவே ஏறாதுன்னு இன்ஸ்டாகிராம்ல ஒருத்தன் உள்ளங்கைல வெச்சு ரீல் போட்டிருக்கான், விலை 80 ஆயிரம், பாதிப் பணம் முன்னாடியே அனுப்பிடணும், பெங்களூர்லேந்து ராத்திரி பஸ்ல ஏத்தி விட்டா காலைல கோயம்பேட்டுல போய் வாங்கிக்கணும். கொரியர்ல சட்டை வர்ற மாதிரி.

அக்கா வீட்டு நெலவரத்த மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா எந்த நாய் நல்லதுன்னு பொதுவா கேட்டா பதில் கெடையாது, எந்த வீட்டுக்குன்னுதான் கேக்கணும். மடிப்பாக்கத்துல மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம். அக்கா ஸ்கூல் டீச்சர், அத்தான் காலைல 8 மணிக்குக் கெளம்புனா ராத்திரிதான், பொண்ணு ஆறாவது படிக்குது. பகல் பூரா வீட்ல இருக்கறது அத்தானோட அம்மா மட்டும், 74 வயசு ஆச்சி, முழங்கால் வலி, கண்ணும் கொஞ்சம் மங்கல், கம்பு ஊனித்தான் நடப்பாங்க. அத்தானுக்கு வீஸிங் வேற உண்டு. அதனாலதான் பொண்ணு அந்த பூவப் புடிச்சுத் தொங்குது, பூடில் கலந்தா முடி கொட்டாது அலர்ஜி வராதுன்னு ரீல்ல சொல்லிட்டாங்களே.

நாங்க உக்காந்து பேசினது நாலு வழியப் பத்தி. ஒண்ணு, அந்த டீக்கப் க்ராஸ். ரெண்டு, கென்னல் கிளப் (ஜாதி நாய்ங்களப் பதிவு பண்ற சங்கம்) பேப்பரோட ஒரு சின்ன ஜாதி நாய், டாய் பூடில் இல்ல ஷிட்ஸூ. மூணு, நாம சின்ன வயசுல "பாம்"னு கூப்பிட்ட இந்தியன் ஸ்பிட்ஸ். நாலு, தத்து.

மொதல்ல க்ராஸ் பத்தி, ஏன்னா இதுல ரெண்டு பக்கமும் கட்சி கட்டி சண்டை போடறாங்க. ஒரு கோஷ்டி, க்ராஸ்னா ஹைப்ரிட், நோயே வராதுங்குது. இன்னொரு கோஷ்டி, க்ராஸ்னாலே கலப்படம், ஏமாத்துங்குது. ரெண்டுமே சரியில்லன்னு நான் நெனைக்கறேன்.

இந்த டிசைனர் க்ராஸ் மோகத்துக்கு பெரிய காரணம் லாப்ரடூடில். 1989ல ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்து வழிகாட்டி நாய் நிறுவனத்துல வாலி கான்ரன்னு ஒருத்தர் வேலை பாத்தார். ஹவாய்ல பார்வை இல்லாத ஒரு அம்மாவுக்கு நாய் வேணும், ஆனா அவங்க வீட்டுக்காரருக்கு நாய் முடி அலர்ஜி. பூடில் நாய்களா பாத்துப் பாத்து ஒண்ணும் வழிகாட்டி வேலைக்கு சரிப்படல, கடைசில ஒரு லாப்ரடாரையும் பூடிலையும் சேத்தார். மூணு குட்டி பொறந்துச்சு. மூணோட முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி அந்த வீட்டுக்காரருக்கு டெஸ்ட் பண்ணினா ஒரே ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கிச்சு. இத கவனிங்க, ஒரே ஈத்து, ஒரே அப்பா அம்மா, மூணுல ஒண்ணு. மிச்சக் குட்டிகள க்ராஸ்னு சொன்னதும் காத்திருப்பு லிஸ்ட்ல இருந்த யாரும் எடுத்துக்கல, அப்பறம் லாப்ரடூடில்னு புதுப் பேர் வெச்சு விளம்பரம் பண்ணினதும் போன் ஓயல. பிற்பாடு அந்த மனுஷனே இதை ஏன்டா ஆரம்பிச்சோம்னு வெளிப்படையா வருத்தப்பட்டுப் பேசினார், பேர வெச்சு யார் வேணா எதையும் எதோடயும் சேத்து விக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு.

அந்தப் பேர் வெக்கற வியாதிதான் இன்னைக்கு இங்க வரைக்கும் வந்திருக்கு. காவாப்பூ, காக்கப்பூ, பாம்ஸ்கி, மார்க்கி, பகிள். எந்த நாய் கூட எதச் சேத்தாலும் முன்பாதி பின்பாதி வெட்டி ஒரு பேர், அதுக்கு ஒரு விலை. சாம்பார்பொடி மாதிரி இதுல அரைக் கிலோ அதுல அரைக் கிலோன்னு அளந்து கலக்க முடியாது இது. ஒரே ஈத்துல ஒண்ணு சுருட்டை முடி, ஒண்ணு கொட்டற முடி, ஒண்ணு 3 கிலோ, ஒண்ணு 6 கிலோன்னு வரும். மொத தலைமுறை க்ராஸையே மறுபடி ஒண்ணோட ஒண்ணு சேத்தா வித்தியாசம் இன்னும் கூடத்தான் செய்யும், குறையாது.

நோய் விஷயத்துல இங்கிலாந்துல 2024ல வந்த ஒரு ஆய்வு நல்ல பதில் சொல்லுது. காக்கப்பூ, காவாப்பூ, லாப்ரடூடில் மூணையும் அதுங்களோட அப்பா அம்மா ஜாதிகளோட வெச்சு 57 வியாதிகள ஒப்பிட்டுப் பாத்தாங்க, 9,000 நாய்க்கு மேல. கிட்டத்தட்ட 87 சதவீத ஒப்பீட்டுல எந்த வித்தியாசமும் இல்ல. மிச்சத்துல சிலதுல க்ராஸ் மோசம், சிலதுல க்ராஸ் தேவல. அதே 2024ல அங்க கிட்டத்தட்ட 5.8 லட்சம் நாயோட ஆயுசக் கணக்கெடுத்த இன்னொரு ஆய்வுல ஜாதி நாய் 12.7 வருஷம், க்ராஸ் 12. ஆக க்ராஸ்னா இரும்புங்கறதும் பொய், க்ராஸ்னா குப்பைங்கறதும் பொய்.

காரணம் சிம்பிள். க்ராஸ் எப்ப உதவும்னா, அப்பாகிட்ட இருக்கற கோளாறு அம்மாகிட்ட இல்லாதப்போ. ரெண்டு பக்கமும் ஒரே கோளாறு இருந்தா எங்கேந்து உதவும். பூடில்லயும் காக்கர்லயும் (இந்த ரெண்டும் சேந்ததுதான் காக்கப்பூ) கண்ணு மெல்ல மெல்லப் போற ஒரு பரம்பரை வியாதி ஓடுது, விழித்திரை கரைஞ்சுகிட்டே வரும், ரெண்டு பக்கத்துலேந்தும் அந்த ஜீன் வந்தா காக்கப்பூ குட்டியும் குருடாகும். மால்டீஸுக்கும் முட்டிச் சில்லு நழுவற பிரச்சனை, டாய் பூடிலுக்கும் அதே பிரச்சனை, அப்ப மால்ட்டிப்பூவோட முட்டி எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. இதெல்லாம் டெஸ்ட்லயும் டாக்டர் கை வெச்சுப் பாத்தாலும் தெரியற விஷயம்தான். டெஸ்ட் பண்ணியிருக்கியான்னு அந்த ரீல்காரன்கிட்ட மெசேஜ் போட்டேன், "சார் ஃபுல் வேக்சின் டன்"ன்னு பதில் வந்துச்சு.

இப்ப என் கட்சிக்கு வரேன். க்ராஸ் பண்றதுல எனக்குப் பெரிய கோவம் இல்ல. குட்டையாக்கறதுலதான் கோவம்.

சின்ன நாய்ங்கறதே தப்பில்ல, தெளிவா சொல்லிடறேன், நாலஞ்சு கிலோ நாய்ங்க பெரிய நாயவிட ரொம்ப வருஷம் இருக்கும். ஆனா மால்டீஸுக்கு அமெரிக்கன் கென்னல் கிளப் சொல்ற எடையே 7 பவுண்டுக்குள்ள, அதாவது 3.2 கிலோ. டாய் பூடிலும் ரெண்டு ரெண்டரை கிலோதான். ஏற்கனவே பொம்மை சைஸ்ல இருக்கற ரெண்டு ஜாதியச் சேத்து இன்னும் பாதியாக்கி ஒன்றரை கிலோங்கறான். டீக்கப்னு ஒரு ஜாதி எந்த கென்னல் கிளப் லிஸ்ட்லயும் கெடையாது, அது கடைக்காரன் வெச்ச பேர். அந்த சைஸக் கொண்டு வர மூணு வழிதான் எனக்குத் தெரிஞ்சு உண்டு. ஒவ்வொரு ஈத்துலயும் இருக்கற நோஞ்சானப் பொறுக்கி, நோஞ்சானோட நோஞ்சானச் சேக்கறது. இல்லன்னா குட்டிக்கு வேணும்னே தீனியக் கொறைச்சு சவலையா வளக்கறது. இல்லன்னா ரொம்ப ஈஸியான வழி, வயசுல பொய். அஞ்சு வாரக் குட்டிய பத்து வாரம்னு சொல்லி உள்ளங்கைல வெச்சுக் காட்டறது. கடைசி வழில ஏமாந்தவங்கதான் ஒரு விதத்துல அதிர்ஷ்டசாலிங்க, ஏன்னா அது ஆறு மாசத்துல சாதாரண நாயா வளந்துடும், திட்டிகிட்டே வளப்பாங்க.

மொத ரெண்டு வழில வந்த குட்டிங்க கதை வேற. மண்டையில உச்சிக்குழி மூடாமலே இருக்கும், சோபாலேந்து குதிச்சு விழுந்தா நேரா மூளைல அடி. சிலதுக்கு மண்டைக்குள்ள நீர் கோத்துக்கும். ஈரலுக்குப் போக வேண்டிய ரத்தம் சுத்திப் போற கோளாறு, மால்டீஸ் வழில இது ஏற்கனவே உண்டு, சாப்பிட்டதும் குட்டி கிறுகிறுத்து சுவத்துல முட்டிகிட்டு நிக்கும். மூச்சுக்குழல் அமுங்கி வாத்து கத்தற மாதிரி இருமல். சின்ன வாய்ல அதே எண்ணிக்கை பல்லு, பால் பல் விழாம புதுப் பல் பக்கத்துலயே மொளைக்கும். முன்னங்கால் எலும்பு பென்சில் மாதிரி, கட்டில்லேந்து குதிச்சாலே ஒடியும்.

எல்லாத்தையும் விட சுகர் இறங்கறதுதான் பயங்கரம். உடம்புல சேமிப்பே கெடையாது, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ சாப்பிட்டாகணும். எங்க தெருவுல ஒருத்தர் வீட்ல இப்படி ஒரு கையளவு குட்டி வந்துச்சு, எந்த விற்பனையாளர்னு பேர் வேண்டாம், வந்து நாலாம் நாள் விடியக்காலைல என் கதவத் தட்டறாங்க, போய்ப் பாத்தா துணி மாதிரி தொங்குது, கண்ணு மேல சொருகியிருக்கு. ஈறுல தேனத் தடவி, துண்டுல சுத்தி டாக்டர்கிட்ட ஓடினோம். அன்னைக்குப் பொழச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ராத்திரி அவங்க யாருமே முழிச்சுக்கல, குட்டி போயிடுச்சு. அந்த வீட்டுப் பையன் இன்னமும் நாய்னா ரோட்ட க்ராஸ் பண்ணி அந்தப் பக்கம் போயிடறான்.

இன்னொண்ணு, ரீல்ல என்னைக்குமே வராத ஆள் ஒண்ணு உண்டு, தாய் நாய். சின்ன உடம்பு, குட்டியோட தல வெளில வராது, சிசேரியன்தான் பல நேரம். பெரிய ஆண் நாயோட சேத்துட்டா இன்னும் மோசம். 2017ல மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகள்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, 18 மாசத்துக்கு முன்னாடி இணை சேக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துதான், 8 வயசுக்கு மேல கூடாது, 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணாம ப்ரீடிங்கே பண்ணக் கூடாது. நல்ல விதிதான். பஸ்ல குட்டி அனுப்பறவன்கிட்ட பதிவு நம்பர் கேட்டுப் பாருங்க, அதோட ப்ளாக் பண்ணிடுவான். எனக்கு நடந்துச்சு.

சரி, அலர்ஜி. நாய் அலர்ஜி முடியால வர்றதில்ல. எச்சில்லயும் தோல் பொடுகுலயும் இருக்கற புரதத்தால வருது, முடி அத வீடு பூரா தூக்கிட்டுப் போற வண்டி. நெதர்லாந்துல 2012ல வந்த ஒரு ஆய்வுல அலர்ஜி வராதுன்னு பேர் வாங்கின பூடில், லாப்ரடூடில் முடில அந்தப் புரதம் மத்த நாயவிட அதிகமாவே இருந்துச்சு. ஆக அத்தானுக்கு எந்த நாய் ஒத்துக்கும்னு ஜாதிப் பேர வெச்சு சொல்ல முடியாது, அந்தக் குறிப்பிட்ட நாயோட ரெண்டு மூணு தடவ ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தாத்தான் தெரியும். பஸ்ல வர்ற குட்டியோட எங்க உக்காந்து பாக்கறது?

இவ்வளவு சொன்னதும் அக்கா ஒண்ணாம் நம்பர அடிச்சிட்டா. பொண்ணு ரூம் கதவச் சாத்திகிச்சு.

ரெண்டாவது வழி, பேப்பர் நாய். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமை ஆபீஸே நம்ம சென்னைலதான். பேப்பர்னா என்னன்னு பல பேருக்குக் கொழப்பம், அது வம்சாவளி சர்டிஃபிகேட், ஆரோக்கிய சர்டிஃபிகேட் இல்ல. தாத்தா பாட்டி யாருன்னு சொல்லும், முட்டி நல்லா இருக்கான்னு சொல்லாது. க்ராஸ் குட்டிக்கு ஜாதிப் பேப்பர் வராது, அதனால மால்ட்டிப்பூவுக்கு கேசிஐ பேப்பர் தரேன்னு ஒருத்தன் சொன்னா அந்த எடத்துலயே போன வெச்சிடலாம். நல்ல ப்ரீடர் யாருன்னா, அம்மா நாயக் காட்டறவங்க, நம்மள திருப்பி நாலு கேள்வி கேக்கறவங்க, இப்ப குட்டி இல்ல ஆறு மாசம் காத்திருங்கன்னு சொல்றவங்க. டாய் பூடில் புத்திசாலி, எனக்கே ஆசைதான். ஆனா ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவ க்ரூமிங், தினம் சீப்பு போடலன்னா நம்ம ஊர் வேர்வைக்கு முடி ஜடை கட்டி அடில தோல் புண்ணாயிடும். இந்த முடி வேலை மால்ட்டிப்பூவுக்கும் அப்படியே உண்டு, அத எவனும் ரீல்ல சொல்றதில்ல. ஷிட்ஸூ சாதுதான், ஆனா சப்பை மூக்கு, சித்திரை மாசத்துல கரண்ட் போனா மூச்சு வாங்கும், துருத்தின கண்ணு வேற, எங்கயாவது உரசிப் புண்ணாகும். 2003ல ஹட்ச் செல்போன் விளம்பரத்துல வந்த பக் நாயப் பாத்துட்டு ஊர் பூரா பக் வாங்கின கதைதான் ஞாபகம் வருது, அப்பறம் அதுங்க மூச்சு விட பட்ட பாடு.

மூணாவது ஸ்பிட்ஸ். இதப் பத்திப் பேசினா எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒத்துக்கறேன். எங்க திருநெல்வேலி வீட்ல இருந்தது இதுதான், நாங்க பொமேரியன்னு சொல்லிட்டு இருந்தோம், 90கள்ல நம்ம ஊர்ல பாதிப் பேர் பாம்னு வளத்தது உண்மைல இந்தியன் ஸ்பிட்ஸ்தான். வெள்ளைக்காரன் காலத்துல வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழி, நம்ம வெயில்ல தலமுறை தலமுறையா பழகி வந்தது. சின்ன வகை 5லேந்து 7 கிலோ. நீள மூக்கு, மூச்சுப் பிரச்சனை கம்மி, தயிர்ச்சோறு தின்னே 14 வருஷம் இருந்துச்சு எங்க வீட்டு நாய் (இப்ப டாக்டர்ங்க தயிர்ச்சோறுன்னு கேட்டா அடிக்க வருவாங்க, அது வேற விஷயம்). குறைன்னா ரெண்டு. கொலைக்கும், காரணமே வேண்டாம், லிஃப்ட் சத்தத்துக்குக் கொலைக்கும். முடி கொட்டும், சோபா, சட்டை, சாம்பார் எல்லாத்துலயும் இருக்கும். ஒரு புது சிக்கலும் உண்டு, டாய் பாம், அதாவது நெசமான குட்டி பொமேரியன், அந்த மோகம் வந்தப்பறம் நல்ல ஸ்பிட்ஸ் எடுத்து வளக்கறவங்க கொறைஞ்சு போய், ஸ்பிட்ஸையே டாய் பாமோட சேத்து மினின்னு விக்கறாங்க. மறுபடி அதே கதை.

நாலாவது தத்து. தெருவுல பொறந்த குட்டிதான் என் மொத சிபாரிசா இருக்கும் வேற வீடா இருந்தா. யாரும் திட்டம் போட்டு க்ராஸ் பண்ணாம, வெயில்லயும் மழையிலயும் தாங்கினது மட்டும் மிஞ்சி வந்த உடம்பு அது. கிண்டில ப்ளூ க்ராஸ் விலங்குகள் காப்பகத்துல எப்பவும் குட்டிங்க இருக்கும். ஆனா வளந்தா 15, 20 கிலோ, மொத ஒரு வருஷம் ஓட்டமும் கடியும், கம்பு ஊனற ஆச்சி கால்ல சுத்தி வந்து ஒரு தடவ தள்ளி விட்டாப் போதும், இடுப்பெலும்பு. அந்தக் கணக்குல பாத்தா டீக்கப்பும் ஆபத்துதான், அதுல ஆச்சி மிதிச்சு நாய் போயிடும், இதுல நாய் இடிச்சு ஆச்சி போயிடுவாங்க. இத நான் சொல்லல, ஆச்சியே சொல்லி சிரிச்சாங்க.

ஆனா தத்துன்னா எல்லாரும் குட்டியத்தான் நெனைக்கறாங்க. வளந்த நாய் எடுக்கலாம். வேலை மாத்தல், வெளிநாடு, கொழந்தை பொறந்துச்சு, வீட்டு ஓனர் ஒத்துக்கலன்னு தினம் யாராவது நாலஞ்சு வயசு சின்ன நாயக் குடுத்துட்டுத்தான் இருக்காங்க, பாதி ஷிட்ஸூ, பாதி ஸ்பிட்ஸ், ஏதோ ஒரு க்ராஸ். அதுல பெரிய லாபம் என்னன்னா எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. இதுக்கு மேல வளராது, முட்டி நழுவறதா இருந்தா பெரும்பாலும் இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும், கொலைக்குமா கொலைக்காதான்னு பக்கத்து வீட்ல கேட்டாச் சொல்லிடுவாங்க, பாத்ரூம் பழக்கம் வந்தாச்சு, விடியக்காலைல எழுந்து சோறூட்ட வேண்டாம், முக்கியமா அத்தான் போய் உக்காந்து பாக்கலாம். வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி, கார்ப்பரேஷன் லைசென்ஸ் எல்லாம் எந்த நாய்க்கும் பொதுச் செலவு, அதுல வித்தியாசம் இல்ல. நஷ்டம் ஒண்ணுதான், குட்டிப் பருவம் கெடைக்காது. ஆறாவது படிக்கற புள்ளைக்கு அது பெரிய நஷ்டம்தான், அத சின்னதாக்கிப் பேச எனக்கு மனசு வரல.

நங்கநல்லூர்ல ஒரு குடும்பம் கனடா போறாங்க, அஞ்சு வயசு ஸ்பிட்ஸ், பேர் மணி, கருத்தடை ஆனது. தெரிஞ்ச டாக்டர் மூலமா வந்துச்சு. மொத ஞாயிறு போனப்ப அத்தான் ரெண்டு தும்மல் போட்டார், வீஸிங் வரல. ரெண்டாவது ஞாயிறு ஒன்றரை மணி நேரம் உக்காந்தார், தும்மலும் இல்ல, ஆனா பாண்ட் பூரா வெள்ளை முடி. ஆச்சிய ஆட்டோல கூட்டிட்டுப் போனோம், மணி மொதல்ல கம்பப் பாத்து பத்து நிமிஷம் கொலைச்சுது, அப்பறம் கம்பு பக்கத்துலயே படுத்துகிச்சு. பொண்ணு ரெண்டு அடி தள்ளி நின்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்துச்சு, கெளம்பறப்ப மட்டும் "மாமா, அதுக்கு ஷேக் ஹேண்ட் தெரியுமா"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. தெரியாதாம். சொல்லிக் குடுக்கலாமான்னு அடுத்த கேள்வி.

வர்ற ஞாயிறு மூணாவது தடவ போறோம், இந்தத் தடவ மணிய அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஒரு ராத்திரி வெச்சுப் பாக்கறதா ஏற்பாடு. அது தூங்கற பழைய பெட்ஷீட்டத் தொவைக்காம அப்படியே தரேன்னு அந்த வீட்டம்மா சொல்லியிருக்காங்க, வாசனை போயிடக் கூடாதாம்.